மின்சுருதியும் மாணவர் செவியும்

தோற்றுவாய்

இசையரங்கொன்றிற்கு நேரத்தோடு சென்று முன்வரிசையில் அமர்ந்திருப்பார் முதலிற் கேட்பது பாட்டன்று; சுருதியே. பாடகர் வாய் திறக்குமுன், மிருதங்கக்காரர் கருவியைத் தட்டிப் பார்க்குமுன், அவ்வோசை மண்டபத்தில் நிறைந்துவிடுகின்றது. முன்னாளில் அது தம்புராவிலிருந்து எழுந்தது. இந்நாளிற் பம்பலப்பிட்டியிலாயினும் வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், பெரும்பாலும் பாடகரின் அருகில் வைக்கப்பட்ட சிறு பெட்டியொன்றிலிருந்து எழுகின்றது. அப்பெட்டிதானும் இன்றிக் கைத்தொலைபேசியிலிருந்து எழுவதும் உண்டு.

இம்மாற்றம் நன்றோ, தீதோ? இதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது? எம் மாணவர் இவ்விடயத்தில் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும்? இவையே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தவை. நாம் தமிழாசிரியரேயன்றிச் சங்கீத வித்துவான் அல்லோம். ஆயினும் முத்தமிழில் இசையும் ஒன்றாகலானும், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்பிக்கப் புகுவார் யாழாசிரியன், குழலாசிரியன் முதலியோரின் அமைதிகளை விளக்காது செல்லுதல் இயலாதாகலானும், பண்ணிசைப் போட்டிகளுக்கு மாணவரை அழைத்துச் செல்லுங் கடமை பன்முறை எம்மீது விழுந்தமையானும், இதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

மின்சாரம் இசையரங்கிற் புகுந்த வரலாறு

இசையுலகில் இயந்திரம் புகுந்தது நேற்று இன்றன்று. 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் கல்கத்தா நகரில் கௌகர் ஜான் என்னும் பாடகியின் குரல் இசைத்தட்டிற் பதிவு செய்யப்பட்டது. ஒரு தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். ஓர் இரவு முழுவதும் விரித்துப் பாடத்தக்க இராகத்தை அம்மூன்று நிமிடத்துள் அடக்க வேண்டியதாயிற்று. கருவி, இசையின் அளவை மாற்றியது இதுவே முதன்முறை எனலாம்.

அக்காலத்துப் பதிவுக்கு மின்சாரம் பயன்படவில்லை. பாடுவோர் பெரியதொரு புனலின் வாயிலே உரக்கப் பாடினர். 1925ஆம் ஆண்டிலேயே ஒலிவாங்கியைக்கொண்டு மின்முறையிற் பதிவு செய்தல் மேனாட்டில் வழக்கிற்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதி கொழும்பிலிருந்து ஒழுங்கான வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1967ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் தேதி கூட்டுத்தாபனமாக மாறிய அவ்வானொலி, கோவில் வீதிகளிலும் மண்டபங்களிலும் மட்டும் கேட்கத்தக்கதாயிருந்த நாகசுரத்தையும் வாய்ப்பாட்டையும் இந்நாட்டின் பட்டிதொட்டிகளுக்கெல்லாம் கொண்டு சென்றதை முதியோர் அறிவர்.

ஒலிபெருக்கி வந்தமையால் விளைந்த மாற்றம் இவற்றினும் பெரிது. அது இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வல்லவனே பாடகன் எனப்பட்டான். நாடக மேடையிற் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா, தமது உச்சக் குரலாலேயே மக்களைக் கவர்ந்தார். 1906இற் பிறந்த அவர் 1933இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த எம். டி. இராமநாதனோ மிகத் தாழ்ந்த சுருதியில், ஆறுதலாக, மந்தரத்தில் நின்று பாடியே தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார். கிட்டப்பாவின் காலத்து நாடகக் கொட்டகையில் இராமநாதனைப் போன்ற குரல் எத்துணைத் தூரஞ் சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். ஒலிவாங்கி இல்லையேல், அம்மந்தரத்தின் அழகு முன்வரிசையாருக்கே உரியதாகியிருக்கும். ஆதலின், மின்சாரம் வந்தமையால் இசை கெட்டது என்று பொதுப்படக் கூறுவார் கூற்றுப் பொருந்தாது.

கருவியிசையிலும் இவ்வுண்மையைக் காணலாம். மேனாட்டு மாண்டலினிலே தந்தியை மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும். எமது இசைக்கு உயிராகிய கமகத்தை அதில் நீட்டிக் காட்டல் அரிது. ஆந்திர நாட்டுப் பாலகொல்லு என்னும் ஊரில் 1969இற் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகள் நான்கிற்குப் பதிலாக ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின் மாண்டலினைக் கையாண்டு, சிறுவயதிலேயே பெரியோர் வியக்கக் கர்நாடக இசையை அதில் வாசித்தார். 2014ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, மாண்டலின் அயற்கருவி என்று சொல்வார் அருகிவிட்டனர். மின்சாரம் ஈண்டுக் கமகத்தைக் கெடுக்கவில்லை; கமகத்திற்கு இடங் கொடுத்தது.

மேனாட்டார் வழியும் எம் வழியும்

மேனாட்டுச் சாஸ்திரிய இசையாளர் இலத்திரனியலை வேறொரு நோக்கத்தோடு நாடினர். 1948ஆம் ஆண்டு பாரிஸ் நகர வானொலியிற் பணியாற்றிய பியேர் செஃபேர் என்பார், புகையிரதத்தின் ஓசை முதலியவற்றைப் பதிந்து, வெட்டி ஒட்டி, அவற்றையே இசையென்று ஒலிபரப்பினார். 1951ஆம் ஆண்டு ஜெர்மன் நாட்டுக் கொலோன் நகர வானொலியில் மின்னொலிக் கூடமொன்று நிறுவப்பட்டது. அங்கே ஸ்டொக்கௌசன் என்பார், சிறுவன் ஒருவனின் குரலையும் மின்பொறிகளிற் பிறந்த ஒலிகளையும் ஒன்றாகக் கலந்து ஆக்கிய இசை 1956இல் அரங்கேறியது. இந்தியாவிலும் 1969ஆம் ஆண்டு, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்கரான டேவிட் டியூடரின் உதவியுடன் இத்தகைய கூடமொன்று அமைந்தது.

இவர்கள் யாவரும், முன் கேட்டறியாத ஒலியைப் படைத்தற்கே இலத்திரனியலை வேண்டினர். நாமோ, முன்பு கேட்டுப் பழகிய ஒலியை அவ்வாறே வைத்திருத்தற்கு அதனை வேண்டினோம். மேனாட்டான் மின்பொறியை நோக்கி, ‘புதிதாக ஒன்று பாடு’ என்றான். நாம், ‘எம் பின்னே இருந்து சுருதி பிடி’ என்றோம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாற்றான், சுருதிப்பெட்டியின் நன்மையையும் குறையையும் நடுநிலைமையோடு அளத்தல் கூடும்.

தம்புராவின் இயல்பு

பெட்டியை அறியுமுன் தம்புராவை அறிதல் வேண்டும். தம்புராவுக்குக் குடம், தண்டி, குதிரை, பிரடைகள் என்பன முக்கிய உறுப்புக்கள். தந்திகள் நான்கு. முதலாவது பஞ்சமம், நடுவிலுள்ள இரண்டும் சட்சம், நான்காவது மந்தர சட்சம். ஒரு கட்டைச் சுருதியிற் பாடும் ஆடவர் ஒருவருக்கு, நடுத் தந்திகள் செக்கனுக்கு ஏறக்குறைய 131 முறையும், பஞ்சமத் தந்தி 98 முறையும், மந்தரத் தந்தி 65 முறையும் அதிரும். 2:1 என்னும் விகிதம் சட்சத்திற்கும் மேற்சட்சத்திற்கும் உள்ள உறவு. 3:2 என்னும் விகிதம் சட்சத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள உறவு. கணக்கு இத்துணை எளிது. ஆனால், தம்புராவின் பெருமை இக்கணக்கில் அடங்குவதன்று.

குதிரையின் மேற்புறம் தட்டையாகவும் சிறிது வளைந்தும் இருக்கும். அதற்கும் தந்திக்கும் இடையே மெல்லிய நூலொன்றைச் செருகுவர். அதற்கு ஜீவாளி என்று பெயர். உயிர் தருவது என்னும் பொருள் அப்பெயரிலே அமைந்து கிடக்கின்றது. நூலை மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்த, ஓரிடத்தில், செத்துக் கிடந்த தந்தி திடீரென வண்டுபோல் இரையத் தொடங்கும். அவ்விரைச்சலிலே தந்தியின் மூலவொலியோடு அதன் மேற்றொனிகள் பலவும் பிரிந்து கேட்கும். மந்தரத் தந்தியைக் கூர்ந்து கேட்போர்க்கு, யாரும் மீட்டாத அந்தர காந்தாரமும் அதனுள்ளிருந்து எழுதல் புலனாகும். அது அத்தந்தியின் அதிர்வில் ஐந்து மடங்காகிய மேற்றொனி.

இதனை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தவர் சர் சி. வி. இராமன். தந்தியை எவ்விடத்தில் மீட்டுகின்றோமோ, அவ்விடத்திற் கணுவுடைய மேற்றொனிகள் எழா என்பது அதுகாறும் மேனாட்டார் கொண்ட விதி. வீணையிலும் தம்புராவிலும் அம்மேற்றொனிகளும் தெளிவாக எழுவதை 1921ஆம் ஆண்டு அவர் எடுத்துக்காட்டி, குதிரையின் அமைப்பே அதற்குக் காரணமென விளக்கினார். எம் முன்னோர் ஏட்டில் விதி எழுதி வைத்திலர். ஒரு நூலிழையில் அதனை அமைத்து வைத்தனர்.

இவ்விடத்து, எம் நாட்டவராகிய விபுலாநந்த அடிகளை நினையாதிருத்தல் இயலாது. காரைதீவில் 1892இற் பிறந்த அடிகளார், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர், விஞ்ஞானங் கற்றவர், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமானவர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். 1947ஆம் ஆண்டு வெளியான அவரது யாழ்நூல், பழந்தமிழர் யாழையும் பண்ணையும் கணித முறையால் ஆராய்ந்தது. தமிழும் இசையும் விஞ்ஞானமும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே அமரலாம் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டா. விஞ்ஞானத்தைக் கண்டு இசை அஞ்ச வேண்டியதில்லை என்பதே அந்நூல் எமக்குணர்த்தும் முதற் பாடம்.

சுருதிப்பெட்டியின் வரவு

தம்புராவுக்குச் சில இடர்ப்பாடுகள் உண்டு. அது உருவிற் பெரிது. பேருந்திற் கொண்டு செல்லற்கு அரிது. கடற்காற்று வீசும் பம்பலப்பிட்டி போன்ற இடங்களிற் காற்றின் ஈரத்தால் மரமும் நூலும் இயல்பு மாறச் சுருதி இறங்கும். ஒரு மணித்தியாலத்துள் மும்முறை பிரடையைத் திருப்ப நேரும். துருத்தியமைந்த பழைய சுருதிப்பெட்டியோ ஒரு கை எப்பொழுதும் இயக்கிக்கொண்டேயிருக்க வேண்டுவது.

இக்குறைகளை நீக்க இலத்திரனியற் சுருதிப்பெட்டி தோன்றியது. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் என்பார் பொறியியலாளர், புல்லாங்குழல் வாசிப்பவருமாவர். 1979ஆம் ஆண்டு இராடெல் என்னும் தொழிலகத்தைத் தொடங்கி, இத்தகைய பெட்டிகளை ஆக்கியோருள் அவர் முன்னோடி. இசைவாணன் ஒருவனே பொறியாளனாகவும் இருந்தமையால், பெட்டி இசைவாணனின் தேவையறிந்து அமைந்தது. பின்னர், தம்புராவின் நான்கு தந்திகளும் ஒன்றன்பின் ஒன்றாய் ஒலிப்பதுபோன்ற மின்தம்புராவும், தாளம் போடும் பெட்டியும், மின்வீணையும் வந்தன. இன்று அவையாவும் கைத்தொலைபேசிச் செயலியாகிச் சட்டைப்பையுள் அடங்கிவிட்டன.

இதனால் விளைந்த நன்மைகளை மறைத்தல் நன்றியன்று. தம்புரா வாங்க வசதியற்ற இல்லத்துப் பிள்ளையும் இன்று சுருதியோடு பாடிப் பழகலாம். தொடர்மாடியிற் குடியிருப்போர், அயலாருக்கு இடையூறின்றி ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம். அரைக் கட்டை, கால் கட்டை என நுண்ணிதாகச் சுருதியை அமைத்துக்கொள்ளலாம். அது களைக்காது, உறங்காது, இறங்காது.

ஆயினும், கைத்தொலைபேசிச் சுருதியைப்பற்றி ஒன்று கூறவேண்டும். அதன் சிற்றொலிபெருக்கியால் 65, 98 என்னும் தாழ்ந்த அதிர்வுகளைச் செவ்வனே எழுப்ப இயலாது. மேற்றொனிகளை மட்டும் கேட்டு, மூலவொலியை எம் செவி தானே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றது. மந்தரத் தந்தி அங்கே ஒலிப்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது பெரும்பாலும் எம் செவியினுள்ளேயே ஒலிக்கின்றது. செவி அத்துணை வலியது. அதனைப் பயிற்றாது விடுதலே பிழை.

கண்கூடாகக் கண்ட ஒன்று

2022ஆம் ஆண்டின் மின்வெட்டை எவரும் மறந்திரார். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது. அந்நாள்களில் ஒரு பாடசாலை மண்டபத்திற் பண்ணிசைப் பயிற்சி நடந்தது. நாம் உச்சரிப்பைத் திருத்தும் பொருட்டு அங்கிருந்தோம். ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவரும் வந்திருந்தார். பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தேவாரம் பாடிக்கொண்டிருந்தான். நல்ல குரல், பாடம் ஐயமின்றி வந்தது.

இடையில் மின்சாரம் நின்றது, சுருதிப்பெட்டியும் அடங்கிற்று. நிறுத்தவேண்டா என்று நாம் கையாற் காட்டவே, அவன் பாடிக்கொண்டே சென்றான். ஒரு பதிகத்தின் நான்கு பாட்டு முடிந்தன. சொற்கள் தெளிவாயிருந்தன, நாம் மகிழ்ந்து தலையசைத்துக்கொண்டிருந்தோம். ஆசிரியை மட்டும் தலையசைக்கவில்லை. அப்பொழுது மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கியது. பெட்டி, தான் விட்ட சுருதியில் மீண்டும் ஒலித்தது. பெட்டியின் சட்சம் ஓரிடம். சிறுவனின் சட்சம் பிறிதோரிடம். ஏறக்குறைய அரைச்சுர அளவு அவன் குரல் ஏறியிருந்தது. அவன் திடுக்கிட்டு நிறுத்தினான், காதுவரை சிவந்துபோயிற்று.

ஆசிரியை அவனைக் கடியவில்லை. “தம்பி, பெட்டி நின்றதிற் பிழையில்லை. பெட்டி நின்றவுடன் உம்முடைய சுருதியும் ஏன் நின்றது என்று யோசியும்” என்றார். பின்பு எம்மை நோக்கிப் புன்முறுவல் செய்து, “ஐயாவும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்?” என்றார்.

அவ்வினா எம்மை உறுத்தியது. நான்கு பாட்டு முடியும்வரை எமது செவியும் அதனை உணரவில்லை. எழுத்துப் பிழையை எட்ட நின்றே காணும் நாம், சுருதிப் பிழையைப் பெட்டி காட்டிய பின்னரே கண்டோம். குற்றம் சிறுவனதன்று. சுருதியைச் செவியில் வையாது பெட்டியில் வைத்துவிட்டவர் நாமே.

அவ்வறையின் அலுமாரியிலே தந்தியறுந்த தம்புரா ஒன்று கிடந்தது. அதற்குத் தந்தி பூட்டுவித்து, வாரம் இருமுறை அச்சிறுவனையும் வேறு மூவரையும் அதனருகில் இருத்தினார் ஆசிரியை. முதல் நாளில் ஒரு தந்தியைச் சேர்க்கவே அரை மணித்தியாலஞ் சென்றது. இரண்டு சட்சத் தந்திகளும் சிறிது வேறுபட்டு நிற்கையில், ஒலி விம்மித் தணிந்து, மீண்டும் விம்மும். ஒன்று 131 முறையும் மற்றையது 129 முறையும் அதிரின், செக்கனுக்கு இருமுறை அவ்விம்மல் கேட்கும். பிரடையைத் திருப்பத் திருப்ப விம்மல் ஆறுதலாகிப் பின் அறவே நிற்கும். அந்நிலையைத் தன் கையாலே எய்தியபோது அச்சிறுவன் முகம் மலர்ந்ததை நாம் கண்டோம். ஏறக்குறைய இரு மாதத்தில் அவன் பிறருதவியின்றித் தம்புராவைச் சேர்க்கப் பழகிவிட்டான். அதன்பின் பெட்டியை இடையில் நிறுத்தினும் அவன் குரல் பெரிதும் விலகவில்லை. விலகினும் தானே உணர்ந்து மீண்டான்.

வெறுமையான இருக்கை

சுருதிப்பெட்டி எமக்குத் தந்தது ஓசை. அது எம்மிடமிருந்து கொண்டது ஓர் இருக்கை. இதுவே பலர் எண்ணிப் பாராதது.

தம்புராவைப் பாடகரின் பின்னே இருந்து மீட்டியவர் யாவர்? பெரும்பாலும் மாணாக்கரே. மூன்று மணித்தியாலம் குருவின் முதுகுப்புறத்தே அமர்ந்து, அவர் எவ்விடத்தில் மூச்சு வாங்குகின்றார், எவ்விடத்திற் பக்கவாத்தியத்தைப் பார்க்கின்றார், பிழை நேர்ந்தால் எவ்வாறு மறைக்கின்றார் என்பவற்றையெல்லாம் அருகிருந்து கற்றவர் அவரே. நாகசுர மேளத்திலும் அவ்வாறே. ஒத்து என்பது விரற்றுளைகளாற் சுரம் மாற்றாது, சுருதி ஒன்றையே இடைவிடாது ஊதுங் கருவி. தொடக்கத்தில் ஒத்து ஊதியும் தாளம் போட்டும் பின்னர் நாகசுரக்காரரான கலைஞர் பலர். மூச்சை அடக்கும் வித்தையையும் சுருதியில் நிற்கும் வித்தையையும் அவர்கள் கற்ற பள்ளி ஒத்து. இன்று ஈழத்து நாகசுர மேளங்களிலும் ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டியே பெரிதும் பிடித்துக்கொண்டது. என். கே. பத்மநாதன், தட்சணாமூர்த்தி முதலிய மேதைகளைத் தந்த இந்நாட்டு மேளமரபில், இளைஞன் ஒருவன் உள்ளே நுழையும் வாயில்களுள் ஒன்று இவ்வாறு அடைபட்டது.

கோவில்களிலும் பூசைவேளையில் மின்விசையால் முரசும் சேமக்கலமும் மணியும் தாமே அடிக்கும் இயந்திரங்களை இன்று பலவிடத்துங் காண்கின்றோம். ஆள் கிடையாக் குறையால் அவை வந்தன. அதனை நாம் பழியோம். ஆனால், ‘நான் அடிக்கிறேன், நான் அடிக்கிறேன்’ என்று சிறுவர் முண்டியடித்துப் பிடித்த மணிக்கயிறு இப்பொழுது எங்கே? ஆடிவேல் விழாவிற் செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டி நோக்கி வரும்போது, மேளக்காரரைச் சூழ்ந்து வாய்பிளந்து நடக்குஞ் சிறுவரை நாம் இன்றுங் காணலாம். இயந்திரத்தைச் சூழ்ந்து எந்தச் சிறுவனும் நடப்பதில்லை.

இணையவழிப் பாடம்

2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருநோய் பரவியபோது இசைக் கல்வி முற்றாக மின்வழியே நடந்தது. சென்னை மியூசிக் அக்கடமியும் அவ்வாண்டு மார்கழி விழாவை இணையவழியாகவே நடத்தியது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நிற்கின்றது. வெள்ளவத்தைப் பிள்ளைக்குத் தொரன்ரோவிலிருக்கும் குருவும், இலண்டன் பிள்ளைக்குக் கொழும்பிலிருக்கும் குருவும் பாடஞ் சொல்லுகின்றனர். சிதறிக் கிடக்கும் எம் இனத்தவர்க்கு இது பெருவரம்.

ஆயினும், இதன் இயல்பையும் அறிந்துகொள்ளுதல் நன்று. ஒலி அங்கும் இங்குஞ் செல்லச் செக்கனின் சிறுபகுதி தாமதமாகின்றது. பேச்சிற்கு அது பொருட்டன்று. தாளத்திற்கோ அது பகை. ஆதலாற் குருவும் சீடனும் ஒருங்கே பாடுதல் இயலாது. ஒருவர்பின் ஒருவராகவே பாடவேண்டும். இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அழைப்புச் செயலிகள் பேச்சுக்கென ஆக்கப்பட்டவை. மின்விசிறியின் இரைச்சல்போல் ஒரே நிலையில் நிற்கும் ஒலியை வேண்டாத இரைச்சலென்று கருதி நீக்கிவிடுவன. தம்புராவின் ஒலியும் ஒரே நிலையில் நிற்பதன்றோ? ஆகவே, பிள்ளையின் அறையில் ஒலிக்குஞ் சுருதி குருவின் செவிக்கு எட்டாமலே போகின்றது. ‘மூல ஒலி’ என்னும் அமைப்பைத் தெரிந்தெடுத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். பெற்றோர் இதனைக் கவனித்தல் வேண்டும். எதனை நாம் இசைக்கு அடிப்படை என்கின்றோமோ, அதனையே இயந்திரம் குப்பையென்று கூட்டித் தள்ளுகின்றது. அது இயந்திரத்தின் குற்றமன்று. எது சுருதி, எது இரைச்சல் என்று பிரித்துணருங் கடமை எமது.

மாணவர்க்குச் சில பயிற்சிகள்

மேற்கூறியவற்றால், இலத்திரனியற் கருவி செவிக்குத் துணையேயன்றிச் செவிக்கு மாற்று அன்று என்பது பெறப்படும். இதனைக் கைக்கொள்ளுதற்குச் சில பயிற்சிகளை ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது: நாள்தோறும் பயிற்சி தொடங்குமுன், பெட்டியைத் திறவாது, நேற்றைய சட்சத்தை நினைவிலிருந்து பாடுக. பின்பு பெட்டியைத் திறந்து ஒப்பிடுக. விலகல் நாளடைவிற் குறைவதைக் குறிப்பேட்டில் எழுதி வருக.

இரண்டாவது: ஒரு பாட்டின் நடுவே நண்பனொருவன் பெட்டியை நிறுத்தட்டும். இரு நிமிடம் பாடியபின் மீண்டும் இயக்கட்டும். 2022ஆம் ஆண்டு மின்வெட்டு எமக்குச் செய்த சோதனையை நீரே உமக்குச் செய்துகொள்ளும் முறை இது.

மூன்றாவது: வாரம் ஒருமுறையேனும் உண்மைத் தம்புராவொன்றைத் தொட்டுச் சேர்த்துப் பழகுக. விம்மல் அடங்குவதையும், மந்தரத் தந்தியினுள் காந்தாரம் எழுவதையும் கேட்குமளவும் எழுந்திராதொழிக.

நான்காவது: உமக்கு மூத்தார் ஒருவர் பாடும்போது, ஒரு பாட்டு முழுவதும் அவர் பின்னே இருந்து சுருதி மீட்டுக. பாடாதிருந்து கேட்டலும் பாடலின் ஒரு கூறே.

முடிபு

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவரிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள எம்மவர் இல்லங்கள் பலவற்றில், துணி போர்த்த தம்புராவொன்று மூலையிற் சாய்ந்து நிற்கின்றது. அக்காவோ மாமியோ ஒருகாலத்து மீட்டியது. அவர் கடல்கடந்து சென்றபின் தொடுவாரின்றிக் கிடப்பது. பொருளாகக் கொடுத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆனால், மூலையில் நிற்பதைக் கல்லூரி மண்டபத்தில் நிற்கச் செய்தல் இயலும். தந்தி பூட்டுதற்கும் ஜீவாளி இடுதற்கும் கற்றுக்கொள்ள இங்கே சிறுவர் உளர்.

வரும் வாணிவிழாவில் மேடையிற் சுருதிப்பெட்டி ஒலிக்கட்டும். அதனை விலக்குக என்று நாம் கூறோம். அதனருகிற் பாயொன்றை விரித்து, ஒரு தம்புராவையும் வைத்து, ஒரு மாணவனை அதன்பின் இருத்துவோம். மின்சாரம் நின்றாலும் சுருதி நில்லாத ஓரிடம் எம் கல்லூரியில் இருத்தல் வேண்டும். அவ்விடம் அம்மாணவனின் செவியேயாகும்.